குர்குமின் கேப்சூல்: ஒரு வேதியியல் ஆசிரியரின் மதிப்புரை

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, இனி ஐந்தாண்டுகளுக்கு நோய் திரும்பாமலிருக்க நாள்தோறும் ஒரு தமோக்சிஃபென் மாத்திரை மட்டும் தவறாமல் விழுங்கினால் போதும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய அதே மாதத்தில், பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் இணையக் கடையொன்றிலிருந்து, மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அடங்கிய இந்தக் கேப்சூலை வரவழைத்து அனுப்பினாள். ஒரு டப்பாவில் அறுபது கேப்சூல். விலை 1,150 ரூபாய். காலையும் இரவும் உணவுக்குப் பின் ஒவ்வொன்று. நோய் திரும்பி வந்துவிடுமோ, எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிவிடுமோ என்ற அச்சம் எங்கள் வீட்டில் யார் முகத்திலும் எழுதி ஒட்டாத குறையாக இருந்த நாள்கள் அவை. விற்பனைப் பக்கத்தில் அந்த அச்சத்துக்கு நேரடியாகவே விடை இருந்தது: கட்டிகள் பரவுவதைத் தடுக்கும் இயற்கைச் சேர்மம், நூற்றுக்கணக்கான ஆய்வுகளின் ஆதரவு பெற்றது என்று. ஈரோட்டு மஞ்சள் மண்டியின் வாசனையிலேயே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. விரலி எது, கிழங்கு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய அக்காவுக்கு இந்த டப்பாவை நம்புவதற்குத் தனியாக ஒரு காரணம் தேவைப்படவில்லை. நான் கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவன் என்பதால், டப்பாவைக் கையில் வாங்கிப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. அதுவும் அவள் ஒன்பது நாள் சாப்பிட்ட பிறகு.

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே உள்ளடக்கம், இதே அளவு, ஏறத்தாழ இதே விலை என்று பல பெயர்களில் கிடைப்பதால், இதைப் பற்றிச் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டப்பா நன்றாக இருக்கிறது. மூடிக்குக் கீழே அலுமினியத் தாள் முத்திரை, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம், கேப்சூலின் மேலுறை விலங்குக் கொழுப்போ ஜெலட்டினோ அல்லாத தாவரச் செல்லுலோஸ். பக்கவாட்டில் உள்ள குறியீட்டைக் கைபேசியால் படித்தால் அந்தத் தொகுதிக்கான ஆய்வக அறிக்கை திறக்கிறது. அதில் குர்குமினாய்டு (குர்குமினும் அதைப் போன்ற மஞ்சள் நிறச் சேர்மங்களும்) அளவும் ஈயம் முதலிய கன உலோகங்களின் அளவும் இருக்கின்றன. மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட்டைத் தடவும் வழக்கம் வங்கதேசத்திலும் நம் நாட்டின் சில பகுதிகளிலும் கண்டறியப்பட்டிருக்கும் நிலையில், இந்த ஒரு தாள் சிறிய விஷயமன்று. மேலட்டையின்படி ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம் மஞ்சள் சாறு. அதில் 95 விழுக்காடு குர்குமினாய்டுகள். கூடவே 5 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரத்துக்குக் காரணமான சேர்மம். சொன்னது உள்ளே இருக்கிறது என்றே நம்புகிறேன்.

சிக்கல் அதே மேலட்டையின் இன்னொரு வரியில் தொடங்குகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், இது ஓர் உணவுக் குறைநிரப்பி என்றும் மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதிகள் அப்படி அச்சிடச் சொல்கின்றன. புற்றுநோயைக் குணமாக்கும், தடுக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954இலேயே ஒரு சட்டம் இயற்றித் தடுத்திருக்கிறோம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோய் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. ஆகவே டப்பா மௌனமாக இருக்கிறது, விற்பனைப் பக்கம் பேசுகிறது. விற்பனைப் பக்கமும் 'இந்தக் கேப்சூல் தடுக்கும்' என்று சொல்லாமல், 'குர்குமின் தடுப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன' என்று ஓரடி தள்ளி நின்றே பேசுகிறது. அந்த ஓரடி இடைவெளியில்தான் இந்தப் பொருளின் முழுக் கதையும் இருக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அக்காவின் சமையலறையிலேயே மூன்று கேப்சூல்களைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றின் தூளைக் கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீரில் கொட்டியபோது அது மேலேயே மிதந்தது; கரண்டியால் கலக்கியதும் துகள் துகளாகச் சுழன்று, கலக்குவதை நிறுத்தியதும் ஒரு பங்கு அடியில் படிந்தது. தண்ணீருக்கு லேசாக ஒரு மஞ்சள் சாயல் வந்ததே தவிர, தூள் கரையவில்லை. இரண்டாவதை வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயில் போட்டேன், எண்ணெய் பொன்னிறமானது. மூன்றாவதில் ஒரு சிட்டிகை வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துச் சேர்த்ததும் ஆரத்தித் தட்டின் சிவப்பு வந்தது. அக்கா சிரித்தாள். அந்தத் தம்ளரை அப்படியே மேடையில் விட்டுவிட்டுப் போய் மறுநாள் காலையில் பார்த்தபோது, சிவப்பு மங்கி அழுக்குப் பழுப்பாகியிருந்தது. ஆரத்தி கரைத்துப் பழகியவர்களும், மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் போட்டு வெளுக்க வைப்பவர்களும் இதைப் பார்த்திருப்பார்கள். குர்குமின் தண்ணீரில் கரையாது, சுண்ணாம்பு போன்ற காரப்பொருளில் நிலைக்காது, வெளிச்சத்தில் வெளுத்துப் போகும்.

நம் இரத்தம் மிக லேசான காரத்தன்மை உடையது. அதற்கு நெருங்கிய நிலையில், உடல் வெப்பத்தில் வைத்த வெறும் உப்புக் கரைசலில் குர்குமினின் 90 விழுக்காடு அரை மணி நேரத்துக்குள் சிதைந்துவிடுவதை 1997இலேயே அளந்திருக்கிறார்கள். இரத்தப் புரதங்கள் உடனிருந்தால் சிதைவு மெதுவாகிறது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் இரத்தம் வரைக்கும் அது போய்ச் சேர வேண்டுமே. குடற்சுவரும் கல்லீரலும் குர்குமினைக் கண்டவுடன் அதன்மேல் ஒரு சர்க்கரை அமிலத்தையோ கந்தகத் தொகுதியையோ ஒட்டி, வெளியேற்றத் தயாராக்கிவிடுகின்றன. இதற்கு முட்டுக்கட்டை போடத்தான் பைப்பரின். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் வெளிவந்த ஆய்வொன்றில், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது உடலில் கிடைக்கும் அளவு 2,000 விழுக்காடு கூடியது. இந்தக் கேப்சூலில் இருக்கும் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதமும், விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் மின்னும் 2,000 விழுக்காடும் அங்கிருந்து வந்தவைதாம்.

விற்பனைப் பக்கத்தில் இல்லாத எண்கள் இரண்டு. அந்த ஆய்வில் குர்குமினை மட்டும் தந்தபோது இரத்தத்தில் கண்ட உச்ச அளவு லிட்டருக்கு 0.006 மில்லிகிராம், பைப்பரினுடன் தந்தபோது 0.18 மில்லிகிராம். அதுவும் முக்கால் மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு விரைவாக இறங்கிவிட்டது. ஆய்வகத் தட்டுகளில் புற்றணுக்களின் மீது குர்குமினைச் சோதிப்பவர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் செறிவு 10 மைக்ரோமோலார் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். குர்குமினின் மூலக்கூறு எடை 368. பெருக்கிப் பார்த்தால் 10 மைக்ரோமோலார் என்பது லிட்டருக்கு 3.7 மில்லிகிராம் ஆகிறது. அதாவது, நான்கு கேப்சூல்களை ஒரே வாயில் விழுங்கினாலும் இரத்தத்துக்கு வந்து சேர்வது தட்டில் ஊற்றியதில் இருபதில் ஒரு பங்கு. இருபது மடங்கு கூடியது என்பது உண்மை. எதிலிருந்து கூடியது என்பதை வாங்குபவர் கேட்க வேண்டும்.

இனி 'பரவலைத் தடுக்கிறது' என்ற சொல்லுக்கு வருகிறேன். புற்றுநோய் பரவுவது ஒரே தாவலில் நடப்பதன்று. கட்டியிலுள்ள ஓர் உயிரணு தன் அண்டை அணுக்களோடு உள்ள பிடிப்பை விட வேண்டும். சுற்றியிருக்கும் புரத வலையை நொதிகளால் அரித்து வழி செய்ய வேண்டும். இரத்த நாளத்துக்குள் நுழைந்து, அங்கே உயிர் பிழைத்து, தொலைவில் ஓரிடத்தில் வெளியேறி, அந்நிய மண்ணில் வேர்பிடிக்க வேண்டும். இவற்றுள் முதலிரண்டு படிகளை ஆய்வகத்தில் எளிதாகப் பார்க்கலாம். தட்டின் அடியில் அணுக்களை ஒரே படலமாக வளரவிட்டு, களத்தில் காயப்போட்ட நெல்லின் நடுவே விரலால் கோடிழுப்பது போல நுண்குழாயின் முனையால் ஒரு கோடு இழுக்கிறார்கள். ஒரு நாள் கழித்து அந்தக் கோடு எவ்வளவு மூடிக்கொண்டது என்று அளக்கிறார்கள். குர்குமின் ஊற்றிய தட்டில் கோடு மெதுவாக மூடுகிறது. புரத வலையை அரிக்கும் நொதிகளின் சுரப்பும் குறைகிறது. விற்பனைப் பக்கம் குறிப்பிடும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த வகை. மனித மார்பகப் புற்றணுக்களைச் செலுத்திய எலிகளின் நுரையீரலில் குர்குமின் தந்தபோது குறைவான பரவல் காணப்பட்டதும் உண்டு. மியூனிக்கில் 2007இல் வெளிவந்த ஆய்வு அத்தகையது. ஆகவே பக்கத்தில் பொய் எழுதியிருக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தட்டையும் எலியையும் என் அக்காவையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டார்கள் என்பதே என் குறை.

தட்டுச் சோதனைகளிலும் ஒரு தந்திரம் உண்டு. குர்குமின் நிறமுள்ளது, ஒளிர்வது, கைக்கு எட்டிய புரதங்களில் எல்லாம் ஒட்டிக்கொள்வது. அளக்கும் கருவியையே அது ஏமாற்றக்கூடும். 2017இல் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர் அதுவரை வந்த குர்குமின் ஆய்வுகளைத் திரட்டி எழுதிய நெடிய கட்டுரையில், 120க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்தும், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று இருதரப்பும் அறியாத வகையில் நடந்த எந்தச் சோதனையிலும் அது வெற்றி பெறவில்லை என்று முடிவு கட்டினார்கள். இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகள் பல, படங்களில் முறைகேடு காணப்பட்டதால் திரும்பப் பெறப்பட்டதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 'நூற்றுக்கணக்கான ஆய்வுகள்' என்று எண்ணுபவர்கள் அவற்றைக் கழிப்பதில்லை.

மனிதர்களிடம் நடந்தவற்றில் இரண்டைக் குறிப்பிடுவேன். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கணையப் புற்றுநோயாளர்களுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பிட முடிந்த 21 பேரில் இருவரிடம் மட்டுமே பயனின் அறிகுறி தெரிந்தது. ஒருவருக்கு நோய் நெடுநாள் அசையாமல் நின்றது, இன்னொருவருக்குக் கட்டி வேகமாகச் சுருங்கிச் சிறிது காலத்திலேயே மீண்டது. 8 கிராம் என்பது இந்த டப்பாவில் பதினாறு கேப்சூல். இரண்டாவது, ஆர்மீனியாவில் நோய் ஏற்கெனவே பரவிய மார்பகப் புற்றுநோயாளர்கள் 150 பேரிடம் நடந்து 2020இல் வெளிவந்தது. அங்கே பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துடன், வாரம் ஒருமுறை குர்குமினை நரம்பு வழியாகச் செலுத்தியபோது கட்டி சுருங்கியவர்கள் 51 விழுக்காடு. வெற்றுக் கரைசல் பெற்றவர்களிடம் 33 விழுக்காடு. இது கவனிக்கத்தக்க முடிவுதான். இன்னும் பெரிய அளவில் சோதிக்கத் தகுந்தது. ஆனால் அது ஊசி, கேப்சூலன்று. கீமோவுடன் சேர்ந்தது, தனியே அன்று. பரவிய கட்டியைச் சுருக்கியதா என்று பார்த்தது, பரவாமல் தடுத்ததா என்று பார்க்கவில்லை. ஊசி என்றவுடன் யாரும் அதைத் தேடிப் புறப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்: 2017இல் கலிபோர்னியாவில் இயற்கை மருத்துவம் என்ற பெயரில் குர்குமினை நரம்பில் ஏற்றிக்கொண்ட பெண்ணொருவர் இறந்துபோனார், அந்தக் கரைசலில் கலந்திருந்த, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்பட்ட கரைப்பானின் தரமும் ஒவ்வாமையும் பின்னர் விசாரணைக்கு உள்ளாயின.

ஆமணக்கெண்ணெய் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. இந்த மதிப்புரையை எழுத வைத்ததே உண்மையில் அதுதான். அக்காவின் கீமோவில் முதல் நான்கு சுற்றுச் சிவப்பு மருந்து முடிந்தபின், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம் ஏற்றப்பட்டது பாக்லிடாக்சல். அது பசிபிக் கரையில் வளரும் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. 1962இல் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் அந்தப் பட்டையைச் சேகரித்தார். மன்றோ வால், மன்சுக் வானி என்ற இருவர் அதன் வேதியமைப்பை 1971இல் வெளியிட்டனர். உயிரணு பிரியும்போது கட்டிக் கலைக்கப்படும் நுண்குழல்களைக் கலையவிடாமல் அது இறுக்கிவிடுகிறது என்பதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். மருந்தாக ஒப்புதல் கிடைத்தது 1992இல். பட்டையிலிருந்து நோயாளியின் கை வரை முப்பதாண்டுகள். இதுவும் குர்குமினைப் போலவே தண்ணீரில் கரையாத சரக்குதான். அதனால்தான் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானிலும் சாராயத்திலும் கரைத்து ஏற்றினார்கள். அந்தக் கரைப்பான் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்தார்கள். உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு அளவு. ஒவ்வொரு முறையும் இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்த பிறகே ஊசி.

அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்துவிட்ட பிறகும் அதைத் தந்தது எதற்காக? எந்த ஸ்கேனிலும் தென்படாமல் எங்கேனும் ஒதுங்கியிருக்கக்கூடிய அணுக்கள் முளைவிடாமல் இருப்பதற்காக. பரவலைத் தடுக்கும் தாவரச் சேர்மம் என்று விற்பனைப் பக்கம் எதைச் சொல்கிறதோ, அதைச் செய்வதாக ஆயிரக்கணக்கான பெண்களிடம் சோதித்து உறுதிசெய்த ஒன்றை அக்கா பன்னிரண்டு முறை உடம்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒருவருக்கும் அது செடிகொடி வகையைச் சேர்ந்தது என்று தெரியாது. மருந்து என்றுதான் தெரியும். பக்க விளைவும் அதற்கேற்பவே இருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போய், மல்லிகை தொடுக்கும்போது நாரின் முடிச்சு விழுந்ததா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, தொடுவுணர்வில் தெரியவில்லை. இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. எங்கள் கல்லூரி வளாகத்தில் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குகிறோம். அதன் இலையிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின் 1963இலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையை அரைத்தால்தான் ஓரிரு கிராம் தேறும். தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் அதற்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். அந்த இலையை வீட்டில் கஷாயம் வைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். தாவரப் பொருள் புற்றுநோயை எதிர்க்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எதிர்க்கும் தாவரப் பொருள் சமையல் பொருள்போல் சாதுவாக இருக்கும் என்பதில்தான் ஐயம்.

'மஞ்சத்தூள்தானே தம்பி, அது என்ன பண்ணிறப் போகுது?' என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுக் காட்டினேன். வீட்டு மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடு. ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம். ஒரு கேப்சூலில் 475 மில்லிகிராம். ஆக ஒரு கேப்சூல் ஐந்து தேக்கரண்டி மஞ்சள்தூளுக்குச் சமம்; நாளொன்றுக்குப் பத்து. நான்கு பேருக்கு வைக்கும் குழம்பில் அரைத் தேக்கரண்டி போடுகிறவள் அவள். உணவு நிறமாகச் சேர்க்கப்படும் குர்குமினுக்குப் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த அன்றாட வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். அக்காவின் எடை 60 கிலோ. வரம்பு 180 மில்லிகிராம். அவள் விழுங்கியது 950. இவ்வளவும் போதாதென்று, உடம்பு தன் வழக்கப்படி வெளியேற்றுவதைத் தடுக்க மிளகின் சாறு வேறு.

அந்த மிளகுதான் எனக்குப் பெரிய கவலையைத் தந்தது. பைப்பரின் ஆளைப் பார்த்து வேலை செய்வதில்லை. குர்குமினை வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைத் தடுக்கும்போதே மற்ற மருந்துகளைக் கையாளும் நொதிகளிலும் கை வைக்கிறது. தமோக்சிஃபென் என்ற மாத்திரை அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரல் அதை எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாற்றிய பிறகுதான் அதற்கு முழு வலிமை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் தமோக்சிஃபென் எடுக்கும் பெண்கள் சிலரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், குர்குமினையும் பைப்பரினையும் சேர்த்துக் கொடுத்தபோது எண்டாக்சிஃபெனின் அளவு சுமார் 12 விழுக்காடு குறைந்தது. எல்லோருக்கும் இது ஆபத்தாக முடியும் என்பதில்லை. ஏற்கெனவே எண்டாக்சிஃபென் குறைவாக உருவாகும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு, பயன் தரத் தேவையான அளவுக்கு மேலிருப்பதைக் கீழே தள்ளப் போதுமானது. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோயில் ஐந்தாண்டுத் தமோக்சிஃபென் இறப்பு விகிதத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. சில ரூபாய் மட்டுமே விலையுள்ள மாத்திரை அது. அதன் வேலையைக் குறைக்கக்கூடிய ஒன்றைக் கேப்சூலுக்கு 19 ரூபாய் வீதம் கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து, தமோக்சிஃபென் எடுப்பவர் இதைச் சாப்பிடலாமா என்று கேட்டேன். மறுமுனையில் பேசிய பெண் மிகுந்த கனிவோடு, 'இது நேச்சுரல் ப்ராடக்ட் சார், எந்த மருந்தோட வேணும்னாலும் எடுத்துக்கலாம், சைடு எஃபெக்ட்டே கிடையாது' என்றார். அந்த மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. எந்த மருந்தாக இருந்தாலும் பதில் அதுவாகத்தான் இருந்திருக்கும். இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பெண் சுழியம். மேலட்டைப் புகைப்படத்தைச் சிகிச்சையளித்த மருத்துவருக்கு அனுப்பியதும் இரண்டே சொல்லில் விடை வந்தது: நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய வாரச் சோதனையின்போது, வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். அக்கா இல்லை என்றிருக்கிறாள். மறைக்கவில்லை. மஞ்சளை அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கல்லீரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிக உறிஞ்சுதிறன் கொண்ட மஞ்சள் குறைநிரப்பிகளால் கல்லீரல் அழற்சி வந்த நிகழ்வுகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்கக் கண்காணிப்புக் குழு ஒன்று விவரித்த பத்துப் பேரில் ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். பத்தில் எழுவரிடம் ஒரே மரபுக்கூறு இருந்தது. அரிதானதுதான். கீமோவால் களைத்துப்போன கல்லீரலை வைத்துக்கொண்டு அந்த அரிதில் நாம் இல்லை என்று பந்தயம் கட்ட எனக்கு மனமில்லை.

விற்பனைப் பக்கத்தின் கீழே வாடிக்கையாளர் கருத்துகளில், கீமோ வேண்டாமென்று இதை மட்டுமே தன் தந்தைக்குக் கொடுத்துவருவதாக ஒருவர் ஐந்து நட்சத்திரத்துடன் எழுதியிருந்தார். நிறுவனம் அதற்கு நன்றி தெரிவித்திருந்தது. பரவாத நிலையில், குணமாக்கக்கூடிய புற்றுநோய் இருந்தும் மாற்று வழிகளை மட்டும் நம்பிய 281 பேரை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு, மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். இந்த எண்களை அந்தக் கருத்தின் கீழே பதிந்தேன். மறுநாள் என் பதிவு அங்கே இல்லை.

பொருளை அதன் தகுதிக்கு மேல் திட்டவும் விருப்பமில்லை. மூட்டுத் தேய்மான வலிக்கு மஞ்சள் சாறு ஓரளவு கேட்கிறது. தாய்லாந்தில் 367 பேரிடம் நான்கு வாரம் நடந்த சோதனையில் நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் சாறு, வலிநிவாரணியான ஐபுப்ரோஃபெனுக்கு ஏறத்தாழ ஈடாக நின்றது. வேறு மருந்து எதுவும் எடுக்காத, கல்லீரல் நலமாக உள்ள, முழங்கால் வலிக்காரர் ஒருவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரு மாதம் முயன்று பார்க்க விரும்பினால், தூய்மைக்காகவும் ஆய்வக அறிக்கைக்காகவும் இந்த டப்பாவுக்கு ஐந்தில் மூன்று தருவேன். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கோ முடித்தவருக்கோ என்றால் ஒன்றும் தர இயலாது. குழம்பில் போடும் மஞ்சளை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. மருத்துவரும் அதைத்தான் சொன்னார்.

பிரித்த டப்பாவைத் திரும்பப் பெறுவதில்லை என்பது கடையின் விதி. அக்கா மகள் முதலில் வருந்தினாள். பிறகு, 'அப்போ அம்மாவுக்கு நான் வேற என்னதான் மாமா வாங்கித் தர்றது?' என்று கேட்டாள். தமோக்சிஃபென் நாள்தோறும் மறவாமல் இருக்க, கிழமை எழுதிய ஏழு அறை மாத்திரைப் பெட்டி ஒன்று எண்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றேன், வாங்கி அனுப்பியிருக்கிறாள். மீந்த முப்பத்தொன்பது கேப்சூல்களும் இப்போது என் ஆய்வகத்து அலமாரியில் இருக்கின்றன. வரும் பருவத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு அமிலமா காரமா என்று காட்டும் சோதனைக்கு ஆகும். சுண்ணாம்பு நீரில் அந்தச் சிவப்பு மிக அருமையாக வருகிறது.